மன்னிப்பது மறப்பதா?

நேப்பிள்சிலிருந்து காரில் புறப்பட்டு, வெசுவியஸ் எரிமலையைக் கண்டு, கடலோரமாகவே தெற்கு நோக்கிச் சென்று, மெசினா நீரிணையைக் கடந்து சிசிலித் தீவை அடையும் தம்பதியர் பலர். நாள் கணக்கில் அருகருகே அமர்ந்திருப்போரிடையே பழைய மனத்தாங்கல்களும் உடன் பயணம் செய்வதுண்டு. "அன்று நீங்கள் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை" என்று மனைவி கூறினால், அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்பதா பொருள்?

அவர்கள் செல்லும் சாலை எட்னா எரிமலையின் அடிவாரத்தில் உள்ள கத்தானியா நகரை அடைகிறது. 13-ஆம் நூற்றாண்டில் அங்கே கடலோரத்தில் எழுந்த உர்சினோ கோட்டை இன்று கடலைவிட்டு விலகி நிற்கிறது. 1669-ஆம் ஆண்டில் எட்னாவிலிருந்து பெருகிவந்த எரிகுழம்பு கோட்டையைச் சூழ்ந்து, கடலைப் பின்னுக்குத் தள்ளியது. 1693-இல் நிலநடுக்கம் நகரை வீழ்த்தியது. மீண்டும் நகரை எழுப்பிய மக்கள், எட்னா தந்த கருங்கல்லைக் கொண்டே கட்டினர்.

மன்னிப்பும் இத்தகையதே. நிகழ்ந்ததை அது நிகழாததாக்குவதில்லை. அதையும் கல்லாகக் கொண்டு இல்லத்தை எழுப்புகிறது. ஆனால், கொதிக்கும் குழம்பில் எவரும் வீடு கட்டுவதில்லை. தீங்கு நிற்கவேண்டும், சூடு ஆறவேண்டும். உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களைத் தோமாவிடம் மறைக்கவில்லை. ஆயினும், அக்காயங்களோடு அவர் கொணர்ந்தது அமைதியே.