இரண்டு அகலங்கள்

எஃப்-27 என்ற பாய்ப்படகின் வரைபடம் சில நாட்களாக மேசையிலேயே கிடக்கிறது. நீளம் சுமார் 8.2 மீட்டர். கடலில் விரிந்து நிற்கும்போது அகலம் 5.8 மீட்டர். மடித்து டிரெய்லரில் ஏற்றினால் 2.6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் அகலத்தைக் கேட்டது கடல். இரண்டாவதைக் கேட்டது அமெரிக்கச் சாலை விதி: எட்டரை அடியைத் தாண்டினால் தனி அனுமதி வாங்க வேண்டும்.

*

கடலுக்கு எதற்கு இவ்வளவு அகலம்? பாயில் காற்று பிடித்ததும் படகு சாயப் பார்க்கும். ஒற்றை உடல் கொண்ட பாய்ப்படகு அடியில் ஈயத்தையோ இரும்பையோ கட்டிக்கொண்டு அதை எதிர்க்கிறது. படகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சுமைக்கே போய்விடுவது சாதாரணம். எஃப்-27 போன்ற டிரைமரான், அதாவது மூன்று உடல் படகு, எடைக்குப் பதிலாகத் தூரத்தை நம்புகிறது. நடுவில் ஒல்லியான உடல். இரு புறமும் நீளும் கைகளின் நுனியில் பக்கத்துக்கு ஒரு மிதவை. சாயத் தொடங்கியதும் காற்றுக்கு மறுபக்கத்து மிதவை அமிழும், நீர் அதை மேலே தள்ளும். 1,200 கிலோ எடையுள்ள படகின் பாரம் முழுவதும் அந்த மிதவைக்கு மாறும்போது, இரண்டரை மீட்டருக்கும் அதிகமான தொலைவிலிருந்து அது சாய்வைத் தடுக்கிறது.

ஈயம் இல்லாததால் படகு லேசு. லேசாக இருப்பதால் வீட்டுக் கார் இழுத்துப் போகும். ஆனால் அந்த லேசைத் தந்த அகலமே அதைச் சாலைக்கு ஆகாததாக்கிவிடுகிறது. இந்தச் சிக்கலில்தான் பல நாளாக என் மனம் நிற்கிறது.

*

இதற்கு வழி கண்டவர்களில் நான் மிகவும் மதிப்பது இயான் ஃபாரியரை. 1947இல் பிறந்த நியூசிலாந்துக்காரர். 1970களில் ஆஸ்திரேலியாவில், டிரெய்லர்ட்ரை என்ற சிறு படகுகளில் தன் மடிப்பு முறையை உருவாக்கினார். 1984இல் அமெரிக்கா போனார். மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் கோர்சேர் மரைன் நிறுவனத்திலிருந்து முதல் எஃப்-27 வெளிவந்தது. அந்த ஒரு வடிவத்தில் மட்டும் 400க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன.

கைக்குக் கீல் வைத்து மடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். கீல் வர வேண்டிய இடம்தான் சங்கடம். கை உடலோடு சேரும் மூட்டில்தான் படகின் விசை எல்லாம் வந்து குவிகிறது. எங்கே பலம் அதிகம் வேண்டுமோ, சரியாக அங்கேயே வெட்டச் சொல்கிறது சாலை.

ஃபாரியர் ஒவ்வொரு கைக்கும் அடியில் ஒரு தாங்குசட்டம் வைத்தார். ஒரு முனை நடு உடலின் பக்கச்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. மறுமுனை கையின் அடிப்புறத்தில். இரண்டு முனையும் திரும்பும். மேலே இன்னொரு இணைப்பும் இருப்பதால், பூட்டை எடுத்ததும் மிதவை கீழிறங்கி உள்ளே வந்து நடு உடலை ஒட்டி நிற்கிறது. கைக்கு ஒரு போல்ட், மொத்தம் நான்கு. படகு நீரில் மிதக்கும்போதே இதைச் செய்யலாம். நெருக்கமான படகுத்துறைக்குள் மடித்தபடியே நுழையலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது விசை போகும் வழி. பாய் விரித்து வேகமாக ஓடும்போது காற்றுக்கு மறுபக்கத்து மிதவையை நீர் மேலே தூக்குகிறது. கையின் வெளிமுனை எழும்பப் பார்க்கிறது. தாங்குசட்டம் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. அப்போது கையின் உள்முனைக்கு என்ன ஆகும்? தன் குழிக்குள் கீழ்நோக்கியும், உடலை நோக்கியும் அழுத்தப்படுகிறது. படகு கடுமையாக உழைக்க உழைக்க மூட்டு இன்னும் இறுகுகிறது. அந்தப் போல்ட்டுக்கு அந்தப் பக்கத்தில் அதிகம் வேலையே இல்லை. பென்சிலால் அம்புக்குறிகள் போட்டுப் பார்த்து இது புரிந்தபோது வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

வேறு வழிகளும் உண்டு. டென்மார்க்கின் குவார்னிங் குடும்பம் கட்டும் டிராகன்ஃப்ளை படகுகளில் கைகள் பின்னோக்கித் திரும்பி ஒடுங்கும். மிதவை நிமிர்ந்தே இருப்பது நல்லது; மடித்தால் மொத்த நீளம் கூடிவிடுவது அதற்குக் கொடுக்கும் விலை. டிக் நியூவிக் தன் டிரெமொலினோவில் இன்னும் சிக்கனமாக யோசித்தார்: கடற்கரைகளில் எங்கும் கிடைத்த ஹோபி 16 படகின் உடல்களையே மிதவைகளாக வைத்துக்கொண்டார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் கைகளைக் கழற்றி மாட்டும் படகுகளிடம் எனக்குத் தயக்கம் உண்டு. கரையில் ஸ்பேனரோடு கழியும் நேரமும் வடிவமைப்பின் பகுதிதான். அது நீண்டால், அரைநாள் ஓய்வு கிடைத்தவர் படகை வெளியே எடுக்கவே மாட்டார்.

பாய்மரமும் இந்தக் கணக்கில் வருகிறது. அது படகைவிட நீளம். படுக்கவைத்துக் கொண்டுபோய், இறக்குதுறையில் ஓரிருவர் நிமிர்த்த வேண்டும். பாதி உயரத்தில் பக்கவாட்டில் சரியாதபடி கயிறுகள் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அலுமினியப் பாய்மரத்தோடு இது விளையாட்டல்ல.

*

நடு உடலின் குறுக்குவெட்டு. நீர்மட்டத்தில் ஒடுக்கம், அதற்கு மேலே திடீரென்று விரிவு. நீருக்கு ஒல்லியான உடல் வேண்டும். நீளம் அகலத்தைப்போல் எட்டு பத்து மடங்கானால் அலை எழுப்புவதில் வீணாகும் சக்தி வெகுவாகக் குறைகிறது. மனிதருக்குப் படுக்க இடம் வேண்டும். அந்த மேல்விரிவில்தான் படுக்கைகள் இருக்கின்றன. உள்ளே நிற்கிற இடம் ஒரு நடைபாதை அளவுதான். போதும் என்று நினைக்கிறேன்.

*

மிதவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒட்டுப்பலகையில் வீட்டுமுற்றத்தில் கட்டக்கூடிய டிரைமரான்களை 1950களின் இறுதியிலிருந்து பரப்பிய ஆர்தர் பைவர், 1960இல் நிம்பிள் என்ற தன் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார். 1968இல் சிறு டிரைமரான் ஒன்றில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. அந்தக் காலத்து மிதவைகள் சிறியவை. பலத்த காற்றில் முழுகிவிடக்கூடியவை. பின்வந்தவர்கள் ஒற்றை மிதவையே படகின் முழு எடையையும் தாங்கி மீதியும் வைத்திருக்கும்படி பெரிதாக்கினார்கள். குறிப்பாக மூக்குப் பக்கம். வேகத்தில் வரும் படகு முன் அலையில் மூக்கைக் குத்தினால் பின்புறம் தலைக்கு மேல் வந்துவிடும்.

*

இதை மறைக்காமல் எழுத வேண்டும். கவிழ்ந்த டிரைமரான் தானாக நிமிராது. அடியில் கனமுள்ள படகு நிமிரும். ஆனால் நீர் புகுந்தால் மூழ்கும். டிரைமரான் மூழ்காது, தலைகீழாக மிதக்கும். ஆகவே கவிழ்ந்த பிறகு உள்ளே இருப்பவர் எந்த வழியாக வெளியே வருவார், எதைப் பற்றிக்கொள்வார், மீட்புக்கருவி எங்கே கட்டியிருக்கும் என்பதெல்லாம் முதல் நாளே வரைய வேண்டியவை. இந்தக் கேள்வியை நேராகக் கேட்ட வடிவமைப்பாளர்களை நான் நம்புகிறேன்.

*

2015இல் முதன்முதலாக நடந்த அலாஸ்கா பந்தயத்தில் போர்ட் டவுன்செண்டிலிருந்து கெட்சிகன் வரை சுமார் 750 மைல். எஞ்சின் கூடாது, துணைப்படகு கிடையாது. வென்றது ஃபாரியர் வரைந்த ஒரு எஃப்-25சி. 5 நாளும் சில மணியும் ஆயிற்று. டிரெய்லரில் இழுத்துப் போகக்கூடிய படகு அது.

*

எடை. கடைசியில் எல்லாம் இங்கேதான் வருகிறது. இரண்டாவது நங்கூரம், பெரிய தண்ணீர்த் தொட்டி, நல்ல அடுப்பு. ஒவ்வொன்றும் நியாயமான ஆசை. ஒல்லியான உடலில் ஒவ்வொரு நூறு கிலோவும் படகைத் தெரியும்படி அமிழ்த்தும், மிதவைகள் எப்போதும் நீரில் இழுபடும், விரைவு போகும், கைகளின் மேல் சுமை ஏறும். பெரிய படகில் இந்தத் தவறு வெளியே தெரியாது. 39 அடி வரை டிரைமரான்கள் வரைந்த ஃபாரியர், பிற்காலத்தில் நியூசிலாந்து திரும்பி எஃப்-22 என்ற சிறு படகில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 2017இல் அவர் இறந்தபோதும் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அடுத்து அதன் வரைபடத்தை எடுத்து, எஃப்-27இன் கைமூட்டுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.