நள்ளிரவுச் செய்தியின் இரு முனைகள்

ஓர் ஊழியர் தம் மேலாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலின் உள்ளடக்கத்தை ஒருவரும் படிக்காத போதும், அது யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை மணிக்குச் சென்றது, மறுமொழி வர எவ்வளவு நேரமாயிற்று என்பவற்றை அலுவலகக் கணினி தானாகவே குறித்துக்கொள்கிறது. ஒரு தகவலைச் சூழ்ந்து இவ்வாறு சேரும் தகவல்களே மெட்டாடேட்டா அல்லது மீத்தரவு எனப்படுகின்றன. டீம்ஸ், ஸ்லாக் போன்ற உரையாடல் செயலிகள் அலுவலக வாழ்வின் பெரும்பகுதியைத் தமக்குள் இழுத்துக்கொண்ட பின்னர், இத்தகைய பதிவுகள் கேட்காமலே குவிகின்றன. கைக்கு எட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை உழைப்பின் அளவுகோலாகக் கொள்வது நியாயமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1912-இல் தொடங்கப்பட்ட மைசூரு அரசுப் பட்டு நெசவாலையில், ஒரு நாள் உழைப்பின் பயன் தறியிலிருந்து இறங்கும் துணியின் நீளத்திலும் நேர்த்தியிலும் கண்ணெதிரே கிடந்தது. அதே ஊரின் ஹெப்பால் பகுதியில் விரிந்திருக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்தில், கல்லூரி முடித்த கையோடு பயிற்சிக்கு வந்து சேரும் இளைஞர்கள் கற்கும் மென்பொருள் தொழிலில் பயன் அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பிழையைக் கண்டுபிடிக்க நாள் முழுதும் திரையை வெறித்திருந்தவரும் வெறுமனே உட்கார்ந்திருந்தவரும் கணினிப் பதிவில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். பயனை அளக்க இயலாத இடத்தில் நிர்வாகம் தடயத்தை அளக்கத் தொடங்குகிறது. தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

எனினும் இப்பதிவுகள் பயனற்றவை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியரின் கணினிப் பயன்பாட்டுப் பதிவுகளை மைக்கேல் கிப்ஸ், ஃபிரீடெரிக்கே மெங்கல், கிறிஸ்டோஃப் சீம்ராத் ஆகியோர் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து பணிபுரிந்தபோது வேலை நேரம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதே தவிர, முடித்துக் கொடுத்த வேலையின் அளவு குறிப்பிடத்தக்க வகையில் மாறவில்லை. ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் பெருகின, இடையூறின்றி வேலையில் ஆழும் நேரம் சுருங்கியது. நோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆற்றல் மீத்தரவுக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆனால் இது ஆயிரக்கணக்கானோரை ஒருங்கே நோக்கியதால் கிடைத்த உண்மை. தனி ஊழியர் ஒருவரின் பெயருக்கு எதிரே அதே எண்களை எழுதும்போது, பிள்ளைக்குக் காய்ச்சலா, கிடைத்த பணியே கடினமானதா என்று எண்கள் சொல்வதில்லை. மைக்ரோசாஃப்ட் 2020-இல் கொண்டுவந்த ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ வசதியில், யார் எத்தனை நாள் மின்னஞ்சலும் அரட்டையும் பயன்படுத்தினார் என்பதைப் பெயரோடு நிர்வாகம் பார்க்க முடிந்தது. கண்டனம் எழுந்ததும், அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்திலேயே பெயர்களை நீக்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

இதற்கு நேரெதிராக, ஊழியரின் நலன் காக்கும் நோக்கத்தோடு நிகழும் கண்காணிப்பு இன்னும் நுட்பமான சிக்கலை எழுப்புகிறது. மைசூரு தேசியப் பொறியியல் கல்லூரியில் படித்தவரும் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவருமான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் கூறினார். அதே நிறுவனம், வீட்டிலிருந்து பணிபுரியும் நாட்களில் சராசரியாக 9 மணி 15 நிமிடத்துக்கு மேல் உழைப்போருக்கு, உடல்நலம் கருதி ஓய்வெடுக்குமாறு மின்னஞ்சல் அனுப்புவதாக 2025-இன் நடுப்பகுதியில் செய்தி வெளியாயிற்று. முன்னதைவிடப் பின்னது மனிதத்தன்மை மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தகைய மடல், மிகையுழைப்பை ஊழியரின் சொந்தப் பழக்கக் கேடு போலக் கருதி, திருத்திக்கொள்ளும் பொறுப்பையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது.

மைசூருவில் அந்தி சாயும்போதுதான் அமெரிக்க வாடிக்கையாளரின் அலுவலகம் திறக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் விழித்திருக்கிறார் என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறார். கேட்டவர் யார் என்பதையும் அதே பதிவேடு அறியும். ஒவ்வொரு செய்திக்கும் பெறுநர் இருப்பதுபோல அனுப்புநரும் இருக்க, விழித்திருந்தவரை மட்டும் அளந்து, விழிக்கச் செய்தவரையும் ஒப்பந்தக் கெடுவையும் அளக்காமல் விடுவது ஒருதலைப்பட்சமான அளவை. அளந்தே தீருவதென்றால் மேலிருந்து அளக்கத் தொடங்குவதே முறை. அதிகாரம் கூடும் அளவுக்குக் கண்காணிப்பு குறைவது பொதுவாக எந்த அலுவலகத்திலும் காணும் வழக்கம்தான். வழக்கம் என்பதால் அது நியாயமாகிவிடாது.

ஊழியர் ஒப்புக்கொண்டுதானே பணியில் சேர்ந்தார் என்ற வாதமும் வலுவற்றது. முதல் வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் தாள்களில் ஒன்றுக்கு மட்டும் கையெழுத்து மறுப்பவர் எவர்? இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அந்தக் கையெழுத்தையும் கேட்பதில்லை. வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காக ஒருவரின் தரவை அவரது ஒப்புதலின்றியே கையாள அதன் 7-ஆம் பிரிவு இடந்தருகிறது. ஜெர்மனியில் ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் தொழில்நுட்பக் கருவி எதையும், ஊழியர் தேர்ந்தெடுத்த மன்றம் இயங்கும் நிறுவனங்களில், அம்மன்றத்தின் இசைவின்றி நிறுவ முடியாது. இங்கும் அத்தகைய மன்றம் அமையும் வரை, தம்மைப் பற்றிய பதிவை முழுமையாகப் பார்க்கவும், அதிலிருந்து பெறப்பட்ட முடிவை மறுக்கவும், தமக்கு நள்ளிரவில் வேலை அனுப்பியவரின் பதிவும் அதே மேசைக்கு வர வேண்டுமென்று கேட்கவும் மைசூரு ஊழியருக்கு எழுத்துபூர்வமான உரிமை இருந்தாக வேண்டும்.