பிரித்துப் பாராத பை
2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியபோது, டாலிகஞ்ச் உள்ளிட்ட தென்பகுதிகளில் மரங்கள் சாய்ந்து மின்சாரம் பல நாள் தடைப்பட, மோட்டார் ஓடாத அடுக்குமாடிகளில் தண்ணீரும் நின்றுபோனது. இத்தகைய நாள்களுக்கென நீர், உலர் உணவு, மருந்து, டார்ச் முதலியவற்றை முன்கூட்டியே சேர்த்துக் கட்டி வைப்பதே அவசரகாலப் பை எனப்படுகிறது. ஆயினும், அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பையில் பேட்டரி கசிந்து டார்ச் துருவேறியிருப்பதும், மாத்திரை காலாவதியாகியிருப்பதும் அதைக் கையாளும்போதுதான் தெரியவருகின்றன. புயல் பருவத்துக்கு முன்பே அக்கம்பக்கத்தார் கூடி, ஓரிரவு திறந்தவெளியில் முகாமிட்டு, பையில் உள்ளதை மட்டுமே கொண்டு உண்டு உறங்கிப் பார்ப்பார்களானால், யாரிடம் எது குறைகிறது என்பதோடு, அதனினும் முக்கியமாக, இருட்டில் எந்த முதியவருக்குக் கைத்துணை வேண்டும் என்பதும் விடிவதற்குள் அனைவருக்கும் தெரிந்துவிடும்.