யாருக்குச் சுத்தம்?

சுத்தம் என்ற சொல்லை நாம் தாராளமாக வழங்குகிறோம். யாருக்குச் சுத்தம் என்று மட்டும் கேட்பதில்லை.

தூத்துக்குடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமாக இருக்கக் கூடாது. இங்கே அரசாங்க முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். கடலிலிருந்து எடுத்த சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள். சதையை ஈயும் புழுவும் தின்று தீர்க்கும். நாற்றம் சொல்லி முடியாது. பிறகு பலமுறை கழுவி, அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார்கள். முத்து சுத்தம், அதை உண்டாக்கிய சதை அழுக்கு! சிப்பியைக் கேட்டிருந்தால் வேறு தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

எங்கள் தெரு இளைஞர் ஒருவர் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறு மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறார். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஜாதி. நம் ஊர்ச் சாரையையோ நல்லபாம்பையோ வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடாது. இது வெளிநாட்டுப் பாம்பு; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தப்படி பதிவு செய்திருக்கிறார். அவர் என்னிடம் கேட்டார்:

“அண்ணாச்சி, கடற்கரையில ஒரு கட்டையும் கொஞ்சம் சிப்பியும் கெடச்சிது. பினாயில் போட்டுக் கழுவிட்டா பாம்புப் பெட்டிக்குள்ள வைக்கலாம்லா?”

“வேண்டாம் தம்பி” என்றேன்.

பினாயில் வாசனை வந்தால்தான் நமக்குச் சுத்தம் நடந்ததாக நம்பிக்கை. பாம்போ நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள மணத்தை எடுத்து, மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பில் கொண்டு சேர்த்து உலகத்தை அறிகிறது. கட்டைக்குள் ஊறிய பினாயில் அதற்கு நஞ்சு. நெடி அடித்தால் நாம் ஜன்னலைத் திறப்போம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எங்கே போகும்? வெளியேற முடியாத ஒரு ஜீவனுக்காகச் செய்யும் சுத்தத்தில் நம் மூக்கு நீதிபதியாக இருக்கலாகாது.

வேலை என்னவோ எளியதுதான். மணலையும் ஒட்டியிருப்பவற்றையும் தூரிகையால் தேய்த்து அகற்றவேண்டும். உப்பு இறங்க, ஒரு வாரமாவது நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுத் தினமும் நீரை மாற்றவேண்டும். பிறகு அரை மணி நேரம் கொதிக்க வைத்து, உள்ளீரம் போக வெயிலில் பல நாள் காய வைக்கவேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். தோலுரிக்கையில் பாம்பு உடலை உரசுமாதலால் சிப்பியின் கூர்முனைகளை அரத்தால் மழுக்கவேண்டும். கல்லை மட்டும் நெருப்பில் சுடக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கக்கூடும்.

துறைமுகத்து எண்ணெயும் தாரும் குடித்த கட்டையை எந்தக் கொதிநீரும் திருத்தாது. அதை விட்டுவிட வேண்டியதுதான். சங்கு காலியாகத் தோன்றினாலும் உள்ளே துறவி நண்டு குடியிருக்கலாம்; கொதிநீர் ஊற்றுமுன் பார்ப்பது தர்மம். பவளத் துண்டைத் தொடவே வேண்டாம். கல் போன்ற பவளங்கள் 2001 முதல் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆகவே சுத்தத்தின் முதற்படி கழுவுவதல்ல; எடுக்கலாமா என்று கேட்பது.

பாம்போடு இந்த விஷயம் முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. வயதான தந்தையின் அறையைப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்கிறார்கள். பழைய வெற்றிலைப் பெட்டி, கிழிந்த பஞ்சாங்கம், இறந்துபோன மனைவியின் கைப்பை எல்லாம் குப்பைக்குப் போகின்றன. தரை பளபளக்கிறது, பினாயில் மணக்கிறது. கிழவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர், அன்போடுதான் செய்தார்கள். துடைப்பத்தை எடுக்குமுன், “அப்பா, இதில் எது இருக்கட்டும்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாம்பு பேசாது. அதற்கு எது ஆகும் என்று நாம்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். பேசத் தெரிந்தவர்களிடம் கேட்பதற்கு நமக்கு என்ன தடை?