பொன்னும் பணியும்

கடகமும் குழையும் கண்டசரமும் பெயரானும் வடிவானும் பலவாய்த் தோன்றினும் பொருளாற் பொன் ஒன்றே. அதுபோல உயிர்கள் பலவாய்த் தோன்றினும் பொருளாற் பிரமம் ஒன்றே என்பர் ஏகான்மவாதிகள். சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில் மண்ணும் பொன்னும் இரும்பும் எடுத்துக்காட்டப்பட்டமை அவர்க்குப் பற்றுக்கோடு. சந்தானகுரவருள் ஒருவராகிய உமாபதி சிவாசாரியரோ, சிவப்பிரகாசப் பாயிரத்தின்கண் சித்தாந்த அத்துவிதத்தை வரையறுக்கப் புகுந்து, பொன்னும் பணியும் போலும் அபேதத்தை முதற்கண் விலக்கினார். அங்ஙனம் விலக்கியது என்னையெனின், பொற்கொல்லன் பட்டறையிற் சென்று காண்பாம்.

பொன் தானே பணியாதல் யாண்டும் இல்லை. உலையும் குறடும் சுத்தியும் வேண்டும்; அவற்றை ஆளும் கொல்லனும் வேண்டும். அவன் பொன்னின் வேறாயவன். இனி, 24 காரட் ஆகிய தூய பொன் மிக மெல்லியது. அதனாற் செய்த வளை அன்றாடப் பூண்டலிற் கோணியும் தேய்ந்தும் போம். ஆதலின் செம்பும் வெள்ளியும் கூட்டி 22 காரட் ஆக்குவர். அஃதாவது 1000 பங்கில் ஏறக்குறைய 916 பங்கே பொன். 8 கிராம் கொண்ட ஒரு பவுனில் மூன்றில் இரண்டு கிராம் அளவு பிற உலோகமே. பொருந்துவாய்களிற் பற்றாசும் புகும். பொருள் ஒன்றே என்பதற்குக் காட்டிய பணி தானே பல பொருட்கூட்டமாய் நிற்றல் காண்க. (பத்தரைமாற்றுத் தங்கம் எனப் பேச்சிற் புகழ்வாரும் கழுத்திற் பூண்பது கலப்புற்றதனையே!)

உவமை ஒருபுடை ஒப்புமையே. கொல்லனையும் செம்பையும் நீக்கிப் பொருளொருமை மாத்திரம் கொள்க எனின், அவ்வாறே கொள்வாம். கொண்டவழி நேரும் இடரே பெரிது. பணியை உருக்கினாற் பொன் எஞ்சும், வளை எஞ்சாது. உயிரும் அத்தன்மைத்தாயின் முத்தியின்பம் துய்ப்பார் யார்? எண்ணிறந்த பிறவிகளில் இருவினை ஈட்டி உழன்று, திருவடியை நினைந்து அழுத உயிர், வீடு எய்தும் அக்கணத்தே இல்லையாகுமெனின், அவ்வீடு எவர்க்கு வந்தது? மேலும், வளையில் உற்ற வடு பொன்னில் உற்றதேயாதலின், உயிரின் அறியாமையும் பாவமும் இறைவன்மேற் சாரும். அவ்வடு வெறுந் தோற்றமே என்பாரை, நோயுற்றுக் கிடப்பான் ஒருவன் பக்கல் நின்று அதனைச் சொல்லுமாறு வேண்டுவாம்.

இதுபற்றியே ஆசிரியர் உடலுயிரையும் கண்ணும் ஞாயிறுமாகிய ஒளிகளையும் உவமையாகக் கொண்டார். கண்ணொளி ஞாயிற்றொளியோடு பிரிவின்றிக் கலந்தே காணும். கலந்தமையாற் கண் அழிவதுமில்லை, ஞாயிறாய் விடுவதுமில்லை.

பொன்னை முதற்காரணமாகிய மாயைக்கும், பணியை உலகிற்கும், கொல்லனை நிமித்தகாரணனாகிய இறைவற்கும் உரைப்பின், அவ்வுவமையோடு எமக்குப் பிணக்கில்லை. மண்ணும் குடமும் குயவனும் நிற்குமிடத்து அதுவும் நிற்கும்.