ஒண்ணுமில்ல

அப்பா இறந்த அன்று நான் அழவில்லை. அழ நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் சரி. ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரரைப் பிடிக்க வேண்டும், பெங்களூரிலிருந்து தம்பி வந்து சேரும்வரை எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டும், வந்தவர்களுக்கு டீ போக வேண்டும். உள்ளே அத்தைகள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்கள். கடைசி அத்தைக்கு ஒப்பாரி தெரியும். அண்ணனைப் பாடத் தொடங்கி, என்றோ போய்ச் சேர்ந்த தன் கணவரையும் அதிலேயே பாடி முடித்தார். சுற்றி இருந்த பெண்களும் அவரவர் சாவை அங்கே அழுது தீர்த்தார்கள். ஆண்கள் நாங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் கணக்கு. தாலுகா ஆபீஸுக்கு ஆறு முறை நடந்தேன். "பையன் தைரியமா நிக்கிறான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரைப் போட்டது மகள்; வயது பன்னிரண்டு. "ஒரு மோட்டாரை அணைக்கத் தெரியாதா?" என்று தொடங்கியவன் நிறுத்தவில்லை. அதன்பின் சொன்னவற்றை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்ட சத்தம் நினைவிருக்கிறது. அவள் அழவில்லை. என்னையே பார்த்தபடி சுவரோரமாக நகர்ந்து போனாள். அன்று இரவு எனக்கு நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது, இடது கை மரத்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை. விடியும் நேரத்தில் டியூட்டி டாக்டர் வந்து சொன்னார்: "எல்லாம் நார்மல் சார். ஒண்ணுமில்ல."

இதயத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஏன் சாப்பிடல?" ஒண்ணுமில்ல. "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" ஒண்ணுமில்ல. நம் வீடுகளில் இதைவிட அதிகம் புழங்கும் பொய் வேறு இருக்காது. கேட்டவருக்கும் அது பொய் என்று தெரியும், தெரிந்தும் விட்டுவிடுவார். மேலே கேட்டால் பதில் வந்துவிடும், வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவருக்கும் தெரியாது.

வாய் மறைப்பதை உடம்பு சொல்லிவிடுகிறது. நாம் மனதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் உடம்பைத்தான் சொல்கிறோம்: வயிற்றைப் பிசைகிறது, தொண்டையை அடைக்கிறது, நெஞ்சில் கல்லை வைத்தது போல் இருக்கிறது, கை கால் ஓடவில்லை. மனச்சோர்வோடு பொது மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் தலைவலி, அசதி, வாயு என்றுதான் சொல்கிறார்கள். அது ஏமாற்று அல்ல; வலி அங்கேதான் தெரிகிறது. எனக்கு வந்தது பேனிக் அட்டாக். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் ஆள் செத்துவிடுவோம் என்றே நம்புவார். நான் நம்பினேன்.

இரண்டாவது முறையும் அப்படி வந்தபோது எங்கள் குடும்ப மருத்துவர்தான் சொன்னார்: "ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க சார். மருந்து வேணுமா வேணாமான்னு அப்புறம் பேசலாம்." எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் கோபம்தான் வந்துகொண்டிருந்தது.

ஆனாலும் போனேன். அந்த சைக்காலஜிஸ்ட் என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண்மணி. முதல் இரண்டு வாரம் அலுவலகம், தூக்கம், மாத்திரை என்று சுற்றி வந்தேன். மூன்றாவது முறை, "அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் முதலிலிருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"அதுக்கு முன்னாடி உங்க வீட்ல தொட்டி வழிஞ்சதே இல்லையா சார்?"

"இல்லை."

"ஏன்?"

"மோட்டாரை அப்பா பார்த்துக்குவார்."

அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு மாடிப்படியின் கீழ் ஸ்டூலில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வார். மேலே ஏறிப் பார்க்க மாட்டார். தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை மாறுவதைக் காதால் பிடித்தே அணைப்பார். இருபத்தாறு வருடம் ஒரு சொட்டு வீணானதில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் போய்விட்டது. அந்தப் பெண்மணி சமாதானம் சொல்லவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. நான் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, கல்லூரியில் படித்த தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் தேடி எடுத்தேன். எட்டு மெய்ப்பாடுகளை மனப்பாடம் செய்தவன்தான். எதற்கு என்று யோசித்ததில்லை. மெய் என்றால் உடம்பு. உள்ளே நிகழ்வது உடம்பில் தோன்றுவதுதான் மெய்ப்பாடு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது அந்த நூல். அழுகை இழிவுபட்டதால் வரலாம், இழப்பால் வரலாம், முன்பிருந்த நிலை தாழ்ந்ததால் வரலாம், வறுமையால் வரலாம். வெகுளியின் காரணங்கள் வேறு: உறுப்பு வெட்டப்படுதல், குடும்பத்தாருக்குத் தீங்கு, அலைக்கழிப்பு, கொலை. என் மகள் இவற்றில் எதைச் செய்தாள்? எதையும் செய்யவில்லை. எனக்கு வந்தது வெகுளியே அல்ல. இழவு. அழுகையின் வாசல் அடைத்திருந்ததால் வெகுளியின் வாசல் வழியாக வெளியே வந்தது.

இலக்கண நூலை மனநலக் கையேடாக்கும் எண்ணம் எனக்கில்லை. எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்ற மார்தட்டலும் எனக்கு ஒவ்வாது. கவிதையில் உணர்ச்சி எப்படித் தோன்றுகிறது என்பதுதான் அதன் அக்கறை. ஆனாலும் ஓர் உணர்ச்சியைக் கண்டதும் 'இது நல்லதா கெட்டதா' என்று கேட்காமல் 'இது எதன்மேல் நிற்கிறது' என்று கேட்டது அது. சிகிச்சை அறையில் நடந்த வேலையும் அதுதான்.

ஆரன் பெக் என்ற அமெரிக்க மருத்துவரின் கதையிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. 1921இல் பிறந்து நூறு வயது வாழ்ந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மனச்சோர்வு என்பது தன்மேலேயே திரும்பிய கோபம் என்பது ஃபிராய்டு வழி வந்தவர்களின் கொள்கை. அதை நிறுவுவதற்காகவே நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார் பெக். கோபம் கிடைக்கவில்லை, தோல்வியும் இழப்பும் புறக்கணிப்பும்தான் கிடைத்தன. கூடவே இன்னொன்றையும் கவனித்தார்: நோயாளிகளின் மனதில் சில வரிகள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. 'நான் எதற்கும் லாயக்கில்லை', 'இனி எதுவும் மாறாது'. ஓடுவது அவர்களுக்கே தெரியாது. 1960களில் இதிலிருந்து பிறந்த முறைதான் இன்று சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்று சொல்லப்படுவது.

என் சிகிச்சையாளர் கொடுத்த வீட்டுப்பாடமும் அந்த வழியில் வந்ததே. ஒரு நாற்பது பக்க நோட்டு. என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடிய வரி என்ன, வந்த உணர்ச்சி எது, நூற்றுக்கு எவ்வளவு, அந்த வரிக்கு ஆதாரம் உண்டா. கணக்கு நோட்டு எழுதுவது போல் எழுத வேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத்தான் தோன்றியது. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: 'நான் ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தா எல்லாம் போயிடும்.' அப்பா இறந்தபோது நான் ஐசியூ வாசலில் இல்லை. கீழே காபி குடிக்கப் போயிருந்தேன்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அது அடங்கும் என்பது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. உளவியல் ஆய்வாளர் மேத்யூ லீபர்மனும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவின் கொந்தளிப்பு குறைந்ததைப் பதிவு செய்தார்கள். 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் வெட்கம், பயம், பொறாமை, துக்கம், அவமானம் எல்லாவற்றையும் போட்டு மூடுகிற நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

மனம்விட்டுப் பேச வீட்டில் ஆள் இல்லையா, காசு கொடுத்து எவரிடமோ பேச வேண்டுமா என்று கேட்பார்கள். என் மாமாவே கேட்டார். வீட்டில் ஆள் உண்டு. கேட்கும் ஆள் குறைவு. அம்மாவிடம் சொன்னால் அம்மாவுக்கு பிபி ஏறும். தம்பியிடம் சொன்னால் அவன் குற்ற உணர்வில் துடிப்பான். மாமா, "என் அப்பா செத்தப்ப எனக்கு வயசு பதினேழு, தெரியுமா?" என்று தொடங்குவார். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் நான் சொல்வது ஒவ்வொருவரையும் ஏதாவது செய்துவிடும், அதனால் சொல்வதற்கு முன்பே தணிக்கை செய்துகொள்வேன். சிகிச்சையாளருக்கு என்னிடம் பங்கு இல்லை, பாகம் இல்லை, அடுத்த கல்யாணத்தில் எதிரே வரப்போவதும் இல்லை. நான் சொன்னது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

பயம் இன்னொரு தடை. எங்கள் ஊரில் யாராவது கொஞ்சம் மாற்றிப் பேசினால், "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்" என்பார்கள். 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையை, எத்தனையோ பேரைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பிய இடத்தை, வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். சினிமா நகைச்சுவையும் தன் பங்குக்குச் செய்தது. இந்த வெட்கத்தின் விலை என்ன என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் இறந்தார்கள். 28 உயிர்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு எங்கே போவதென்று தெரியாதவர்கள். சங்கிலியிடுவதை இன்று சட்டம் தடை செய்திருக்கிறது. கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிய என் பெரியம்மா கொஞ்சம் தெளிந்துதான் வந்தார். ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு மருந்தும் கிடைக்க அரசு வழி செய்தது. அந்த அறிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

சில விஷயங்களைக் கறாராகச் சொல்ல வேண்டும். பேச்சு எல்லாவற்றுக்கும் போதாது. காதில் குரல் கேட்கிறது, பல இரவுகள் தூக்கமே இல்லை, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் முதலில் போக வேண்டியது மனநல மருத்துவரிடம். அவர் எம்பிபிஎஸ் படித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு 'லைஃப் கோச்' என்று உட்கார்ந்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். முதல் ஆள் ஒத்துவரவில்லையென்றால் மாற்றுங்கள், தையல்காரரைக்கூட மாற்றுகிறோம். கட்டணம் பலருக்கு எட்டாது என்பதும் உண்மை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் அதிகம், நேரம் குறைவு; ஆனாலும் கதவு திறந்திருக்கிறது. 2015-16இல் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருந்தது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள்.

சிகிச்சை என்னை வேறு ஆளாக்கிவிடவில்லை. பதினான்கு அமர்வுகள் போனேன். கோபம் இன்றும் வருகிறது. வரும்போது மேல்மூச்சு வாங்குவது தெரிகிறது; நகர்ந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். சில நாள் அங்கே அழுகிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் உங்களுக்காகப் படிக்கிறீர்களோ வீட்டில் இருக்கும் இன்னொருவருக்காகவோ, எனக்குத் தெரியாது. இன்னொருவருக்காக என்றால், "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். முதல் தடவை கூடவே போங்கள். உங்களுக்காக என்றால், 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன், நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்றாள். ஆனால் மோட்டார் ஓடும்போது அவள் இன்றுவரை வேறு எந்த வேலையும் செய்வதில்லை. ஸ்விட்ச் பக்கத்திலேயே நிற்கிறாள்.