பரீட்சைக்கென்றே பாடமா?

பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருவேற்றும் வழக்கம் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியிருந்தது. அதைத் தடுக்கவே 2017-18-ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுப் பரீட்சை வைத்தது. பரீட்சையால் வந்த நோய்க்குப் பரீட்சையே மருந்து! 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அம்மருந்தையும் நீக்கிவிட்டது. இனி அப்பாடத்தைக் காப்பவர் யார்?

பரீட்சையே கூடாதென்பாருடன் நாம் சேரோம். விடைத்தாளில் சாதி தெரிவதில்லை. பள்ளியில் தண்ணீர்க் குடத்தைத் தொடவும் விடப்படாத பாபாசாகேப் அம்பேத்கர் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார்; அத்தேர்ச்சியை எவராலும் மறுக்க இயலவில்லை. பரீட்சையை ஒழித்தால் சிபாரிசுக்காரருக்கே கொண்டாட்டம்.

ஆயினும், மனனம் ஒன்றையே கல்வியென்று கொள்வது தம்மத்திற்கு ஒவ்வாது. சூளபந்தகர் நான்கு மாதம் முயன்றும் ஒரு காதையை மனனம் செய்ய இயலாதவர். தமையனாரே அவரை விகாரையினின்று வெளியேற்றினார். பகவான் புத்தரோ தூய துணியொன்றைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். துணி அழுக்கேறுவதைக் கண்ணுற்ற சூளபந்தகர் அநித்தியத்தை உணர்ந்து அரஹத் நிலை எய்தினார். மனனத்தில் தோற்றவரிடமும் அறியும் ஆற்றல் இருந்தது. அதைக் கண்டுகொள்ள ஓர் ஆசான் வேண்டியிருந்தது.

மருத்துவக் கல்விக்கான நீட் பரீட்சை ஈராண்டுப் பாடங்களினின்றும் வினவுகிறது. விடுபட்ட பாடத்தைச் செல்வர் வீட்டுப் பிள்ளை விலை கொடுத்து வெளியே கற்கும். நம் பிள்ளைகளுள் பலர்க்குப் பள்ளியன்றி வேறிடமில்லை. ஆதலின் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை விசாரிக்குமுன், பதினோராம் வகுப்பில் எப்பாடம் நடந்ததென நாம் விசாரித்தாக வேண்டும்.